மூதூரை மறந்த கையேடு

அன்புத் தம்பிக்கு,

வெளிநாடு போகும் தொண்டர்களுக்காக நீங்கள் எழுதிய பாதுகாப்புக் கையேடு நிந்தவூருக்கும் வந்து சேர்ந்தது. தடுப்பூசி, காப்புறுதி, கடவுச்சீட்டுப் பிரதி எல்லாம் சரி, விடுங்கள். நான்காம் பக்கம்தான் எரிச்சலூட்டுகிறது. நிறுவனச் சின்னம் போட்ட சட்டைதான் முதல் கவசமாம். சண்டை மூண்டால் தலைமையகம் சொல்லும்வரை அலுவலகத்தை விட்டு அசையக்கூடாதாம். கிழக்கிலங்கையில் பிறந்த பிள்ளையா இதை எழுதியது?

2006 ஓகஸ்ட் 4. மூதூரில் ஏ.சி.எப். என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பணியாளர் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நால்வர் பெண்கள். போட்டிருந்தது நிறுவனச் சட்டை. கிடைத்திருந்த உத்தரவு, அலுவலகத்திலேயே இருங்கள் என்பது. பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்றது போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, அரசு மறுத்தது. இன்றுவரை எவருக்கும் தண்டனை இல்லை.

பழைய கதை என்பீர்கள். 2024 ஏப்ரல் 1 அன்று காஸாவில் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற உதவி நிறுவனத்தின் வாகனக் கூரைகளிலும் சின்னம் இருந்தது, போகும் பாதையும் இஸ்ரேலியப் படைக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் அந்தப் படையின் தாக்குதலில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். வெளியேறலாமா என்று முடிவெடுக்கும் உரிமை களத்தில் நிற்பவருக்கு உண்டா? உங்கள் கையேட்டில் இந்தக் கேள்வியே இல்லை.

அயலவரின் சொல்லுக்கும் அதில் இடமில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாடைக்காலத்தில் கடலில் இறங்கப் போனால், கரைவலைக்காரர்கள்தான் சத்தம்போட்டுக் கரையேற்றுவார்கள். மொழி விளங்காது, ஏச்சு விளங்கும். அந்த ஏச்சு எந்தத் தலைமையகத்திலிருந்தும் வந்ததல்ல.

ஆனால் பதினோராம் பக்கம்! இருட்டிய பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறாதே என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்துக்காகவே கையேட்டை ஆயிரம் பிரதி அடிக்கலாம். 1961இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படையிலும் தொண்டர்களை அதிகம் பலிகொண்டது வீதி விபத்துத்தான். ஆபத்து வீதியில் மட்டுமல்ல: அதே படையின் தொண்டர் கேற் பியூசி 2009இல் பெனினில் கொல்லப்பட்டார். மாணவிகளைச் சீண்டினார் என்று சக ஊழியர் ஒருவர் மீது அவர் இரகசியமாகக் கொடுத்த முறைப்பாடு கசிந்துவிட்டது என்கிறது குடும்பம். முறைப்பாட்டாளரின் பெயரைக் காக்க 2011இல் அமெரிக்காவில் சட்டமே வந்தது. முறைப்பாடு யார் கைக்குப் போகும் என்பதை நீங்களும் சேர்க்க வேண்டும்.

மறுபதிப்புக்கு முன் ஒருதரம் மூதூர் போய்வாருங்கள். வாழைச்சேனை, வாகரை, வெருகல் வழியாக இப்போது நல்ல றோட்டு; விடியப் புறப்பட்டால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.