நிறம் தின்னும் நுண்ணுயிர்கள்

கேமரன் மலைக்குச் செல்பவர்கள் தேயிலைத் தோட்டத்தின் பச்சையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பச்சை எப்படிப் பழுப்பாகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் ஆலைக்குள் நுழைய வேண்டும். அங்கே வாட்டி உருட்டிய கொழுந்து, காற்றுப் பட்டதும் மெல்ல மெல்லச் செம்பு நிறமாகிறது. ஆலையில் இதை 'நொதிக்க வைத்தல்' என்பார்கள். உண்மையில் இட்லி மாவு புளிப்பதைப் போன்றதன்று இது. மாவுக்கு நுண்ணுயிர் தேவை, தேயிலைக்குத் தேவையில்லை. இலைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு நொதி, காற்றிலுள்ள உயிர்வளியைக் கொண்டு இலையின் வேதிப்பொருள்களை மாற்றுகிறது. தேநீரின் நிறம் அப்படித்தான் பிறக்கிறது.

நிறத்தை உண்டாக்கும் நொதி இருப்பதுபோல, நிறத்தை அழிக்கும் நொதியும் உண்டா? உண்டு. அதைத் தேடித் தோட்டத்தைவிட்டு அதிக தூரம் போகவேண்டியதில்லை. பிரிஞ்சாங் மலையின் பாசி படர்ந்த காடு போன்ற ஈரக்காடுகளில் விழுந்து கிடக்கும் மரங்களைக் கவனித்துப் பாருங்கள். சில கட்டைகள் உள்ளே வெளுத்து, பஞ்சுபோல் மென்மையாகிக் கிடக்கும். வெண்மக்கல் பூஞ்சைகளின் வேலை அது. மரத்தைக் கெட்டியாக வைத்திருப்பது லிக்னின் என்னும் பழுப்பு நிறப்பொருள். அதன் அமைப்பு ஓர் ஒழுங்கில்லாதது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்ற கணக்கு அதனிடம் செல்லாது. ஆகவே, இப்பூஞ்சைகள் கிடைத்ததையெல்லாம் உடைக்கும் நொதிகளை வெளியே சுரக்கின்றன. 1983ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தகைய நொதி ஒன்றைக் கண்டறிந்தார்கள். லிக்னினைச் சிதைக்கும் பூஞ்சை செயற்கைச் சாயங்களின் நிறத்தையும் நீக்குவது அதே காலத்தில் தெரியவந்தது.

சாயக் கழிவுநீர் நமக்கு அந்நியமான செய்தியன்று. கிளந்தான், திரங்கானு மாநிலங்களின் பாத்தேக் பட்டறைகளில் துணியை அலசும்போது மெழுகும் சாயமும் நீரில் கலக்கின்றன. பெரிய அளவில் இதன் விளைவைக் கண்ட ஊர் தமிழ்நாட்டின் திருப்பூர். உலகெங்கும் பனியன் அனுப்பும் அவ்வூரின் சாயப்பட்டறைகள் பல ஆண்டுகளாகக் கழிவுநீரை நொய்யல் ஆற்றில் விட்டன. பாசனத்திற்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் குட்டையாக மாறியது. தங்களுக்கென்று கட்டிய அணையின் நீரையே வயலுக்குப் பாய்ச்ச முடியாத நிலை! கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆறு மாசுபட்டதற்காக ஓர் ஊரின் முக்கியத் தொழிலே நின்றது. அங்கே வேலை செய்தவர்களின் அடுப்பும் அதனால் பாதிக்கப்பட்டது.

அப்படியானால் பூஞ்சையைத் தொட்டியில் விட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். ஆய்வுக்கூடக் குடுவையில் பூஞ்சை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது அமிலத்தன்மையுள்ள சூழலை விரும்புவது. சாயநீரோ பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. மேலும், திறந்த தொட்டியில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகிப் பூஞ்சையை ஓரங்கட்டிவிடும். எனவே, சுத்திகரிப்பு நிலையங்கள் பாக்டீரியாக்களையே அதிகம் நம்புகின்றன.

இங்குதான் ஏமாந்துபோக வாய்ப்பு இருக்கிறது. துணிச் சாயங்களில் பாதிக்கும் மேற்பட்டவை அசோ வகையைச் சேர்ந்தவை. இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் பிணைப்பே அவற்றின் நிறத்திற்குக் காரணம். உயிர்வளி இல்லாத தொட்டியில் சில பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகின்றன. சிவப்பு நீர் தெளிந்துவிடும். பார்ப்பவருக்கு வேலை முடிந்ததுபோல் தோன்றும். ஆனால், அறுந்த துண்டுகள் அமீன்கள் என்னும் நிறமற்ற பொருள்களாக நீரிலேயே இருக்கின்றன. அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. கண்ணுக்குத் தெரிந்த நஞ்சு, கண்ணுக்குத் தெரியாத நஞ்சாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் அந்நீரை அடுத்து, காற்று ஊதப்படும் இரண்டாவது தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அங்கே உயிர்வளியில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் அமீன்கள் பலவற்றைச் சிதைக்கின்றன. தொட்டிகளின் வரிசை மாறக்கூடாது. உயிர்வளி மிகுந்திருந்தால் முதல் வகை பாக்டீரியாக்கள் அசோ பிணைப்பைத் தொடுவதில்லை.

இந்தத் தொழிலாளர்களைப் பட்டினி போடவும் முடியாது. சாயம் மட்டும் அவற்றுக்கு உணவாகாது. வேறு கரிமப் பொருளும் வேண்டும். திடீரென்று சூடான காரநீர் வந்து விழுந்தால் தொட்டியே செத்துப்போகும். மறுபடியும் பாக்டீரியாக்களை வளர்த்தெடுக்கப் பல நாள் ஆகும்.

எல்லாம் சரியாக நடந்தாலும் ஒன்று மிஞ்சும்: உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற ஏராளமான உப்பைச் சேர்க்கிறார்கள். எந்த நுண்ணுயிரும் உப்பைத் தின்று தீர்க்காது. நொய்யல் கரையின் நிலங்களைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்பின் பங்கே பெரிது. ஆகவே, இன்று திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டிய நீர், மிக நுண்ணிய துளைகளுள்ள சவ்வுகளின் வழியே அழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. நன்னீர் பட்டறைக்கே திரும்புகிறது. எஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி, பிரித்தெடுத்த உப்பை அடுத்த துணிக்குச் சாயமேற்ற மீண்டும் பயன்படுத்துகிறார்கள்.