முயல்களின் சுகநிலையை நாடோறும் கவனித்தல்

மருத்துவ ஆராய்ச்சி நிலையங்களில் முயல்கள் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வந்துள்ளன. 1885 ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் விசர்நாய்க்கடிக்கு ஏற்றிய தடுப்புமருந்து, அந்நோயுற்ற முயல்களின் உலர்த்திய முண்ணாணிலிருந்து ஆக்கப்பட்டதாகும். இத்தகைய நிலையங்களில் ஒரு முயலின் நோய் கவனிக்கப்படாது போயின், ஆராய்ச்சியின் முடிவே பிழைத்துவிடும். ஆகவே அங்கு ஒவ்வொரு முயலையும் நாடோறும் பார்வையிட்டுக் கண்டதை எழுதிவைப்பர். வீட்டில் நாலைந்து முயல்கள் வளர்க்கும் கமக்காரரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம்.

நோயை மறைக்கும் இயல்பு

முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. தளர்ந்த முயலே பகைவிலங்கின் கண்ணில் முதலிற் படும். ஆதலால் அது நோயுற்றாலும் வெளிக்காட்டாது அமைதியாக இருக்கும். அது சோர்ந்து படுக்கும்வரை காத்திருப்பவர், பெரும்பாலும் அதனை இழந்துவிடுவர். தீன்தட்டும் கூட்டின் அடிப்பாகமுமே நோயை முதலில் அறிவிப்பன.

காலையிற் பார்க்கவேண்டியவை

1. தீன்: முதல்நாள் மாலை இட்ட தீன் மீதியாயுள்ளதா? முயலின் குடல் ஓயாது இயங்கவேண்டும். ஒருநாள் முழுவதும் உண்ணாத முயல் ஆபத்தான நிலையிலுள்ளது. பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. புல் போதாவிடின் அவை நீண்டு, உண்பதைத் தடுக்கும்.

2. புழுக்கை: நல்ல புழுக்கை உருண்டையாயும் உலர்ந்தும் ஏறத்தாழ ஒரேயளவாயும் இருக்கும். சிறுத்தாலும், குறைந்தாலும், கழிச்சலானாலும் கவனிக்க. பால்மறந்த குட்டிகளின் கழிச்சலுக்குக் கொக்சிடியா என்னும் ஓரணுவுயிர் பெரும்பாலும் காரணமாகும். அது புழுக்கை வழியே பரவுவதால், கூட்டின் அடிப்பாகம் கம்பிவலையாயிருத்தல் நன்று. முயல் தனது மென்மையான எச்சத்தைத் தானே உண்பது நோயன்று. அதனால் அது புரதமும் உயிர்ச்சத்தும் பெறுகின்றது.

3. மூக்கும் முன்கால்களும்: சளி பிடித்த முயல் முன்கால்களால் மூக்கைத் துடைக்கும். மூக்கு உலர்ந்து தோன்றினும், முன்கால்களின் உட்புற மயிர் ஒட்டித் திரைந்திருப்பின் சளிநோய் என ஐயுறுக.

4. காது: காதினுள்ளே தடித்த பொருக்குப் படிதலும், தலையை அடிக்கடி உதறுதலும் சிற்றுண்ணியால் வருஞ் சொறியின் அறிகுறிகள்.

5. மூச்சு: ஓய்வாக இருக்கும் முயல் நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சுவிடும். வெயில் நேரத்தில் வாய்திறந்து மூச்சுவிடின், உடனே குளிர்ந்த, காற்றோட்டமுள்ள நிழலுக்கு மாற்றுக.

வாரந்தோறும் நிறுத்தல்

ஆராய்ச்சி நிலையங்களிற் போல, முயல்களைக் குறித்த நாளில் நிறுத்து, நிறையை ஓர் அப்பியாசக் கொப்பியிற் குறித்துவருக. 2 கிலோகிராம் முயல் 1.8 கிலோகிராமாகக் குறையின், கண்ணுக்குச் சுகமாகத் தோன்றினும் அது நோயுற்றதென்றே கொள்க. காதைப் பிடித்துத் தூக்கலாகாது. பின்பாகத்தைக் கையால் தாங்குக. தாங்காவிடின் அது உதைக்கும் வேகத்தில் முதுகெலும்பு முறிதல் கூடும்.

புதிய முயல்

வெளியிலிருந்து வாங்கிய முயலை இரண்டு வாரமாவது வேறோரிடத்தில் தனியே வைத்து, ஏனையவற்றுக்குத் தீனிட்ட பின்னரே அதற்கு இடுக. சுகதேகியாகத் தோன்றும் முயலும் சளிநோய்க் கிருமியைக் காவிவரலாம்.

நோய் கண்டால்

நோயுற்ற முயலை உடனே பிரித்து, அதன் கூட்டைக் கழுவி வெயிலிற் காயவிடுக. மாட்டுக்கோ மனிதருக்கோ கொடுத்த மருந்தில் மிஞ்சியதை ஊட்டலாகாது. பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால், குடலிலுள்ள நன்மைசெய்யும் பற்றீரியாக்கள் அழிந்து முயல் இறக்க நேரிடும். கிருமிநாசினி தெளித்த தோட்டத்து மரக்கறி இலைகளையும் எக்காலத்திலும் இடலாகாது. மிருக வைத்தியரை நாடும்போது கொப்பியையும் கொண்டு செல்க. எந்நாளில் தீன் குறைந்தது, எவ்வளவு நிறை இழந்தது என்பவற்றை அறிந்தால், அவர் நோயை விரைவில் துணிவார்.

நாடோறும் சில நிமிடங்கள் இவ்வாறு செலவிடின், ஒரு முயலின் நோய் கூடுமுழுவதும் பரவுமுன் தடுக்கலாம்.