மூடியில் ஒட்டியிருந்த ஐ7

மன்னார் பேசாலையில் இருந்துகொண்டு கலியாணம், பெருநாள் வீடியோக்கள் எடிட் செய்கிறேன். முதல் லப்டொப்பை வாங்கியபோது மூடியில் ஒட்டியிருந்த ஐ7 ஸ்டிக்கரில் மயங்கிவிட்டேன். அது ஐந்தாம் தலைமுறை ஐ7-5600யூ. உள்ளே இரண்டே கோர். பின்னால் வந்த எட்டாம் தலைமுறை ஐ5-8250யூவில் நான்கு கோர் இருக்கிறது. ஐந்தா ஏழா என்று பார்ப்பதற்கு முன் எத்தனையாம் தலைமுறை, எத்தனை கோர் என்று கேட்கவேணும் என்பதைக் காசு கொடுத்துப் படித்தேன்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். பழையதை மாற்ற முடிவுசெய்தேன். புதிய கேமிங் லப்டொப்புக்குக் கை எட்டவில்லை. கொம்பனிகள் பாவித்து விற்கும் பிசினஸ் லப்டொப் தேடிக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறினேன்.

பென்டிரைவில் என்னுடைய வேலையையே கொண்டுபோனேன்: மடு ஆவணித் திருவிழாவில் எடுத்த 4கே கிளிப்புகள். பம்பலப்பிட்டிக் கடையில் அதை எக்ஸ்போர்ட்டுக்குப் போட்டுவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தேன். முதல் ஐந்து நிமிடம் எல்லா மெசினும் பறக்கும். சூடேறிய பிறகுதான் சுயரூபம் தெரியும். பிறகு சார்ஜரைக் கழற்றிப் பார்த்தேன். பட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போது மிஞ்சியிருப்பதையும் ஒப்பிட்டேன். பயோசுக்குள் போய்ப் பழைய கொம்பனியின் பாஸ்வேர்ட் கிடக்கிறதா என்றும் பார்த்தேன். அது கிடந்தால் நாளைக்கு நம்முடைய மெசினுக்குள்ளேயே நாம் அந்நியர்.

"இன்னும் என்ன பார்க்கணும் அண்ணா?" கடைப் பெடியனுக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, பிழையென்றால் நான் மன்னாரிலிருந்தல்லோ திரும்பி வரவேணும்."

திரையில் நான் ஏற்கெனவே சூடுபட்டவன். ஒரு கலியாண அல்பத்துக்காக அரக்குச் சிவப்புக் கூறைச் சேலையை என் பழைய திரையில் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். அல்பத்தில் அது செங்கல் நிறமாக வந்தது. பெண்வீட்டார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிசினஸ் லப்டொப்புகள் பலவற்றில் கணக்கு எழுதுவதற்குப் போதுமான மங்கல் திரைதான் இருக்கும். ஒரே மொடலில் இரண்டு, மூன்று வகைத் திரை வரும். மொடல் பெயரோடு நிறுத்தாமல், எஸ்ஆர்ஜிபி நிறவெளியை முழுமையாகக் காட்டுமா என்று கேளுங்கள்.

கடைசியில் எடுத்தது டெல் லட்டிடியூட் 5420. பதினோராம் தலைமுறை ஐ5, நல்ல திரை, ராமுக்கு இரண்டு இடம். கடைக்காரர் ஒரு 8 ஜிபி மட்டும் போட்டிருந்தார். ஊருக்கு வந்ததும் மருமகன் ஜிடிஏ 5 போட்டுப் பார்த்து, "மாமா, இது இழுக்குது" என்றான். இந்த வகையில் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்குபோடும். இன்னொரு 8 ஜிபி வாங்கிப் பக்கத்தில் செருகினேன். அதுவரை யூஎச்டி என்று காட்டிய கிராபிக்ஸ், ஐரிஸ் எக்ஸ்இ என்று பெயரே மாறியது. ஒரு 16ஐ விட இரண்டு 8 மேல். ராம் மதர்போர்ட்டோடு ஒட்டியே வரும் மொடல்களில் இதைச் செய்ய முடியாது என்பதால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். புதிதாக வந்த பெரிய கேம்களை இதில் எதிர்பார்க்கக்கூடாது. பழையவை, செற்றிங்கைக் குறைத்தால், நன்றாகவே ஓடும்.

கரையூருக்கென்று ஒன்று. சோளகம் எழும்பினால் உப்பும் மணலும் சேர்ந்து வரும். கடற்பக்க யன்னலடியில் லப்டொப்பை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் பையில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைக் கழற்றி விசிறியைத் துடைக்கிறேன். போனமுறை துடைத்தபோது ஒரு சிரட்டைக்கு மண் வரவில்லை என்றாலும், மருமகன் விரலால் கோடு போடும் அளவுக்கு வந்தது.