அனதோலியாவின் மண்ணும் மின்கித்தாரும்

ராக் இசை என்றாலே கூச்சல் என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. சமூக உணர்வுள்ள பாட்டு என்றால் மெட்டுப் போட்ட கோஷம் என்று எண்ணுவோரும் உண்டு. இவ்விரு கருத்துகளையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, துருக்கி நாட்டின் ‘மோவொல்லார்’ என்னும் இசைக்குழுவின் வரலாற்றைக் காண்போம். அப்பெயருக்கு ‘மங்கோலியர்கள்’ என்று பொருள்.

தொடக்கம்

1967-ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் இளைஞர் சிலர் கூடி இக்குழுவைத் தொடங்கினர். ஜாஹித் பெர்க்காய், எங்கின் யோருகோலு, முராத் செஸ், அஸீஸ் அஸ்மெத் ஆகியோர் தொடக்க காலத்தவர்; தானெர் ஓங்கூர் பின்னர் வந்து சேர்ந்தார். அந்நாளில் துருக்கி நகரத்து இளைஞர்கள் மேனாட்டுப் பாடல்களை அப்படியே பாடி வந்தார்கள். இந்நிலையை மாற்றும் எண்ணத்துடன் ‘ஹுரியத்’ நாளிதழ் 1965 முதல் 1968 வரை ‘தங்க மைக்ரோபோன்’ என்ற போட்டியை நடத்தியது. மேனாட்டுக் கருவிகளில் துருக்கி இசையை வாசிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1968 போட்டியில் மோவொல்லார் மூன்றாம் பரிசு பெற்றது.

அதன்பின் இவர்கள் கவனம் அனதோலியாவின் பக்கம் திரும்பியது. துருக்கியின் ஆசியப் பகுதியான அந்தப் பரந்த நிலத்தின் கிராமிய மெட்டுகளையும் கருவிகளையும் கற்றுத் தம் இசையில் சேர்த்தார்கள். 1970-இல் இம்முறைக்கு ‘அனதோலு பாப்’ என்று பெயரும் இட்டார்கள்.

இரண்டும் இணைந்த விதம்

ராக் இசை பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் நடப்பது. அனதோலிய நாட்டுப்புற இசையிலோ ஒன்பது எண்ணிக்கை சாதாரணம். ‘தக – தக – தக – தகிட’ என்று சொல்லிக் கையைத் தட்டிப் பாருங்கள். கடைசி அடி சற்று நீண்டு, நொண்டி நடப்பதுபோல் இருக்கும். துருக்கியர் இதை ‘அக்ஸாக்’ என்பர். அச்சொல்லுக்கே நொண்டுதல் என்றுதான் பொருள்.

அடுத்து, கருவிகள். கிராமத்துப் பாணர்களின் கருவி ‘பக்லாமா’. நீண்ட கழுத்தும் உலோகத் தந்திகளும் உடையது. திறந்த வெளியில், டிரம்ஸுக்கும் மின்கித்தாருக்கும் நடுவே அதன் ஒலி எடுபடாது. தந்தியின் கீழே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் வைத்தால், தந்தி அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பலாம். இந்த எளிய தத்துவத்தால் கிராமத்துக் கருவி பெரிய மேடைக்கு வந்தது. பெர்க்காய் பக்லாமாவோடு, வில்லால் வாசிக்கும் தம்பூரையும் மேடையேற்றினார்.

1971-இல் பிரான்சில் வெளியான இவர்களது இசைத்தட்டுக்கு ‘ஷார்ல் க்ரோ அகாதமி’யின் உயரிய விருது கிடைத்தது. துருக்கியின் ஆடல்களையும் தாளங்களையும் பற்றிய அத்தட்டில் கருவியிசையே பிரதானம்.

சொல்லும் சேர்ந்தது

1972-இல் பாடகர் ஜெம் கராஜா இக்குழுவில் இணைந்தார். கணீரென்ற குரலும் நாடகப் பயிற்சியும் உள்ளவர். 1974-இல் வெளிவந்த ‘நாமுஸ் பெலாஸ்’ என்ற பாடல், மானத்தின் பெயரால் ஒருவன் கொலை செய்து சிறை புகுவதைக் கூறியது. பெரும் புகழ் பெற்ற பாட்டு அது. ஆனால் அவ்வாண்டே இரு தரப்பும் பிரிந்தன. பெர்க்காய் பிரான்சு சென்றார். 1976-இல் குழுவே கலைந்தது.

1980 செப்டம்பர் 12 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அப்போது ஜெர்மனியில் இருந்த கராஜா நாடு திரும்பவில்லை. 1983-இல் அவரது குடியுரிமை பறிக்கப்பட்டது. 1987-இல்தான் அவரால் தாயகம் திரும்ப முடிந்தது. பாடியவர் தரவேண்டியிருந்த விலை அது.

சிவாஸ்

1993-இல், பதினேழு ஆண்டுகளுக்குப் பின் மோவொல்லார் மீண்டும் கூடியது. அதே ஆண்டு ஜூலை 2 அன்று, சிவாஸ் நகரில் கொடிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அதிகாரத்தை எதிர்த்துத் தூக்கிலிடப்பட்ட அலவிக் கவிஞர் பீர் சுல்தான் அப்தாலின் நினைவு விழாவுக்கு வந்தவர்கள் மாதிமாக் ஓட்டலில் தங்கியிருந்தனர். மதவெறிக் கும்பல் ஒன்று பல மணி நேரம் ஓட்டலைச் சூழ்ந்து நின்று தீ வைத்தது. எழுத்தாளர்கள், கலைஞர்கள் உள்பட விழாவுக்கு வந்த 33 பேரும், ஓட்டல் ஊழியர் இருவரும் மாண்டனர். பக்லாமா கலைஞர் ஹஸ்ரத் குல்தெகினுக்கு அப்போது வயது 22.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோவொல்லார் எந்தப் பாணர் மரபிலிருந்து மெட்டும் கருவியும் பெற்றதோ, அதே மரபின் பிள்ளைகள்தாம் அன்று எரிந்தவர்கள். அவர்களுக்காக இக்குழு இயற்றிய ‘வெறுமையின் நடுவே’ என்னும் பொருள்படும் பாடல் துருக்கியில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. உறவினர் வீட்டுத் துக்கத்தில் எழுந்த குரல் அது.

கராஜா 2004-இல் காலமானார். யோருகோலு 2010-இல் மறைந்தார். கராஜாவின் மகன் எம்ரா பின்னாளில் தந்தை பாடிய அதே குழுவில் பாடகரானார். 2009-இல் வந்த அவர்களது இசைத்தொகுப்பின் பெயருக்கு ‘நம்பிக்கை தன் வழியைக் காணும்’ என்பது பொருள்.

இவ்வரலாறு கூறும் பாடம் எளியது. மக்களைப் பற்றிப் பாட வந்தவர்கள் முதலில் மக்களின் பாட்டைக் கேட்டார்கள். அவர்களது தாளத்தில் நடக்கப் பழகினார்கள். ஆகவே பேச வேண்டிய வேளை வந்தபோது அவர்கள் சொல்லை மக்கள் தம் சொல்லாகவே ஏற்றுக்கொண்டார்கள்.