உயிருக்கு டிராயிங் போடலாமா?



டிராயிங் இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப்கூட ஆகாது என்பது நமக்கெல்லாம் தெரியும். உயிருள்ள செல்லுக்கும் ஒரு டிராயிங் உண்டு. அதுதான் டி.என்.ஏ. அதைப் படிப்பதோடு நில்லாமல், நாமே எழுதிக் கொடுத்து செல்லை வேலை வாங்கும் துறைக்கு ‘சிந்தெட்டிக் பயாலஜி’, அதாவது செயற்கை உயிரியல் என்று பெயர். இது சரியா, தவறா என்பதுதான் விஞ்ஞான உலகில் நடக்கும் விவாதம்.

கடவுள் வேலையா?

2010 மே மாதம் அமெரிக்காவின் கிரெய்க் வென்டர் குழுவினர், சுமார் 10.8 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. முழுவதையும் ரசாயன முறையில் தயாரித்து, வேறோர் இன பாக்டீரியாவின் செல்லுக்குள் செலுத்தினார்கள். செல் புது டிராயிங்படி பெருகியது. "மனிதன் உயிரைப் படைத்துவிட்டானா?" என்று பலரும் கேட்டார்கள். உண்மையில் செல் பழசு. டிராயிங்கும் பெரும்பாலும் இயற்கையைப் பார்த்து காப்பியடித்ததுதான்.

2016-இல் அதே குழுவினர் 473 ஜீன்கள் மட்டுமே கொண்ட ஒரு செல்லை உருவாக்கினார்கள். அவற்றில் 149 ஜீன்களுக்கு என்ன வேலை என்று அப்போது அவர்களுக்கே தெரியவில்லை! மூன்றில் ஒரு பங்கு பாகம் புரியாத மெஷினை நாம் தைரியமாக ஸ்விட்ச் போடுவோமா? மெஷினை நிறுத்தலாம், வெளியே தப்பிப் பெருகும் உயிரை நிறுத்த ஸ்விட்ச் ஏது?

இருபுறமும் கூரான கத்தி

2002-இல் நியூயார்க் மாநிலத்தில் எக்கார்ட் விம்மர் குழுவினர், எல்லோருக்கும் கிடைக்கும் தகவலை வைத்தே போலியோ வைரஸைத் தயாரித்துக் காட்டினார்கள். நல்லவன் செய்தால் ஆராய்ச்சி, கெட்டவன் செய்தால்? "அப்போ தகவலைப் பூட்டி வைத்துவிடலாமே" என்று தோன்றும். ஆனால் 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபு வரிசை வெளிப்படையாகக் கிடைத்ததால்தான், மார்ச் மாதமே ஒரு தடுப்பூசி மனிதர்களிடம் பரிசோதனைக்கு வந்தது. பூட்டினாலும் நஷ்டம், திறந்தாலும் பயம்!

யார் வயிற்றில் அடி?

மலேரியாவுக்கு மருந்தாகும் ஆர்ட்டிமிசினின், ஒரு செடியிலிருந்து எடுக்கப்படுவது. சீனா, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் சிறு விவசாயிகள் அதைப் பயிரிடுகிறார்கள். கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழுவினர் ஈஸ்ட்டின் ஜீன்களை மாற்றி, அதன் மூலப்பொருளைத் தொட்டியிலேயே விளையச் செய்தார்கள். 2013-இல் சனோஃபி நிறுவனம் இத்தாலியில் உற்பத்தியைத் தொடங்கியது. மருந்து தட்டுப்பாடில்லாமல் கிடைத்தால் குழந்தைகள் பிழைக்கும். ஆனால் செடி வளர்த்தவன் பிழைப்பு? அந்த முறை விவசாயிதான் ஜெயித்தான். செடியிலிருந்து வந்த சரக்கின் விலை இறங்கியதால் தொழிற்சாலைச் சரக்கு போட்டி போட முடியவில்லை. 2016-இல் ஆலை கைமாறியது. விலை நாளைக்கே மாறலாம். அப்போது அவனுக்கு வழி சொல்வது யார் பொறுப்பு?

நமக்கு என்ன?

"இதெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கினவங்க பாடு, டிப்ளமோக்காரனுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நண்பர்களே, அந்தத் தொட்டியின் வால்வைத் திருப்பப் போவதும், கழிவுநீரைக் கிருமி நீக்கி வெளியே விடப் போவதும், லாக் புக்கில் ரீடிங் எழுதப் போவதும் நம்மைப் போன்றவர்கள்தான். "இன்னிக்கு ஒரு நாள் ஸ்டெரிலைஸ் பண்ணாம விட்டுடு" என்று மேலதிகாரி சொன்னால், முடியாது என்று சொல்லும் துணிவும் படிப்பில் சேர்ந்ததே.

இந்த விஞ்ஞானத்தை அடியோடு தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி அல்ல. மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கட்டும் என்கிறேன்: தப்பினால் தடுக்க வழி உண்டா? லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு? நஷ்டப்படுகிறவனை ஒரு வார்த்தை கேட்டார்களா?

டிராயிங்கில் பிழை இருந்தால் ஒரு ஜாப்தான் ஸ்கிராப் ஆகும். உயிரின் டிராயிங்கில் ஸ்கிராப் யார்டு கிடையாது!