குறிஞ்சி ஒன்றா, இரண்டா? – பறவைகளின் கொடிவழியும் நிலப்படமும்

நிலத்தைத் திணைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் உரிய மரமும் விலங்கும் புள்ளும் இவையெனக் கருப்பொருள் வகுத்தவர் நம் முன்னோர். குடமுருட்டியாற்றின் கரையில் வலங்கைமான் வயல்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இப்பகுப்பு எளிதில் விளங்கும். இங்கே நடவு வயலில் நிற்கும் கொக்கே நீடாமங்கலத்திலும் மன்னார்குடியிலும் நிற்கிறது. மருதம் முழுதும் சமதளம். பறவைக்குத் தடை இல்லை. ஆதலின் நிலம் ஒத்தால் உயிரும் ஒக்கும் என்று எண்ணிவிடுகிறோம். மலைநிலத்துக்கு இவ்வெண்ணம் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

உயிரினங்களின் பரவலை ஆராய்வோர் இக்காலத்தில் இரு கருவிகளை இணைத்துக் கையாளுகின்றனர். ஒன்று, மரபணு ஒப்புமையால் வரையப்படும் கொடிவழி; எது எதனின்று எப்போது பிரிந்தது என்பதை அது காட்டும். மற்றொன்று, கணிப்பொறியில் அமைக்கப்படும் நிலப்படம். உயரம், மழை, காடு, உயிரினம் காணப்பட்ட இடம் ஆகியவற்றை அடுக்கடுக்காக ஏற்றிப் பார்க்க அது உதவும். நம் பகுதிக் குடும்பமொன்றின் கொடிவழி மட்டும் கையிலிருந்தால் உறவு தெரியும். கிளைகள் வாழும் ஊர்களையும் உடன் குறித்தால்தான், எத்தலைமுறையில் எவர் பினாங்குக்குப் பெயர்ந்தனர் என்பது புலனாகும். பறவைக்கும் அஃதே.

மேற்குத் தொடர்ச்சி மலையில், ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல், சோலைக்காடுகள் உள்ளன. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனிமலையும். இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய். நமக்கு அது கோவையிலிருந்து கேரளம் செல்லும் புகைவண்டி வழி. குளிர்ந்த சோலையின் அடித்தூற்றை விட்டு நீங்காத சிறு பறவைக்கோ அது கடல்.

வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலியோர் ஒன்பது இடங்களில், 23 இனங்களைச் சேர்ந்த 356 பறவைகளின் மரபணுவை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். 10 இனங்களில் மிகப் பழைய பிளவு இக்கணவாயை ஒட்டியே அமைந்திருந்தது. அவற்றுள் சில, சிறிய பள்ளத்தாக்குகளிலும் பிற்காலத்தே மீண்டும் பிரிந்துள்ளன. பிளவுகள் ஒரே காலத்தனவல்ல. பெரும்பாலானவை, பனியூழிகள் வந்து வந்து மறைந்த பிளைஸ்டோசீன் காலத்தவை.

முன்பு ஒரே இனத்தின் இரு வகைகளாகக் கருதப்பட்ட நீலநிறச் சிறு பறவை இதற்கு நல்ல சான்று. வடக்கே வாழ்வதும் தெற்கே வாழ்வதும் வெவ்வேறினங்கள் என்று இன்று கொள்ளப்படுகின்றன. 2017ஆம் ஆண்டு அவற்றுக்கெனப் புதுப் பேரினம் வகுத்து 'ஷோலிகோலா' என்று பெயரிட்டனர். நம் 'சோலை'யோடு, வாழ்வது எனப் பொருள்படும் இலத்தீன் ஈறு சேர்ந்த பெயர் இது. தமிழ்த்துறையார் சிறிது மகிழலாம்.

இதனை வெறும் பெயர்ச்சிக்கல் என்று ஒதுக்குதல் தவறு. ஓரினம் என்றெண்ணிப் படம் வரைந்தால் அதன் பரப்பு அகன்று தோன்றும். ஓரிடத்துச் சோலை அழிந்தாலும் மற்றோரிடத்தில் பறவை எஞ்சும் என்று ஆறுதல் கொள்வோம். கொடிவழியை அப்படத்தின்மேல் வைத்தவுடன் அவ்வாறுதல் போய்விடுகிறது. தேயிலைக்கும் சீகை மரத்துக்கும் தைலமரத்துக்கும் இடம் விட்டுச் சுருங்கிய நீலகிரிச் சோலைத் துண்டுகளில் வடபறவை மறையுமாயின், தென்பறவை அதற்கு ஈடாகாது. புள்ளை நோக்கக் குறிஞ்சி இரண்டாகிறது. நீரை நோக்கவோ அப்பிரிவு இல்லை. கணவாய்க்கு வடக்கே பிறக்கும் பவானியும் தெற்கே பிறக்கும் அமராவதியும் காவிரியில் கலந்தே நம் குடமுருட்டிக்கு வருகின்றன. ஆகவே அச்சோலைகளின் கேடு மலைவாணர்க்கு மட்டும் உரிய கவலையன்று.

இனி, பிளவுபட்டவை 10 எனின், எஞ்சிய 13 இனங்கள் யாவை செய்தன என்று மாணவர் வினவக்கூடும். கணவாயைக் கடந்து கலந்தனவாகலாம். அன்றி, ஒருபுறம் அழிந்து மறுபுறத்திலிருந்து மீளக் குடியேறினவாகலாம். ஆய்வாளர் இரண்டையும் கூறுகின்றனர். நமக்கு முன்னதே பெரிதும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. எனினும் ஒவ்வோரினத்தையும் தனித்தனியே ஆராய்ந்தன்றி உறுதி கூறலாகாது.