சர்வேயர் எழுதியதே தீர்ப்பு அல்ல

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்த நாள். கட்டிய இடத்திலேயே சுவரில் மோதி மோதி என் பாய்ப்படகு சேதமானது. இன்ஷூரன்ஸ் மதிப்பீட்டில் வந்த தொகை பழுது பார்க்கும் செலவில் பாதிகூட இல்லை. முதன்முறை கிளெய்ம் கேட்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் படகைக் காப்பாற்றுங்கள். சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை என்கிறது 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம். சேதத்தைப் படம் எடுத்த கையோடு, கடல்நீர் புகுந்த இன்ஜினை நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் மாற்றுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரட்டும் என்று விட்டால் உப்பு அரித்துவிடும். பழி உங்கள் மேல் விழும்.

2. உடைந்த துண்டு ஒன்றையும் எறியாதீர்கள்.

3. ஃபைபர் படகின் காயம் உள்ளே இருக்கும். வெளியே மயிரிழைக் கீறல்தான் தெரியும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மொத்தென்று கேட்கும். அதைச் சாக்பீஸால் வட்டமிட்டு, சர்வேயர் முன்னாலேயே தட்டிக் காட்டுங்கள். எனக்கு இது தெரியாததால் 'மேல்பூச்சுக் கீறல்' என்று எழுதிப் போனார்கள். பழுது பார்க்கும் யார்டில் ஒரு சாண் வெட்டித் திறந்தபோது, வலுவுக்கு வைத்த சட்டமே படகின் உடலிலிருந்து பிரிந்திருந்தது. வேலையை அங்கேயே நிறுத்தி மறு சர்வே கேட்டேன். மூடி ஒட்டியபின் கேட்டிருந்தால் யார் நம்புவார்கள்?

4. 'பழைய தேய்மானம்' என்பார்கள். தேய்மானத்துக்குப் பணம் இல்லை என்பது சட்டம்தான். ஆனால் அது தேய்மானம்தானா? முந்தைய ஆண்டு படகைக் கரையேற்றியபோது எடுத்த படமும் யார்டு பில்லுமே பதில். சர்வே அறிக்கையின் நகலை வாங்கி வரிக்கு வரி மறுப்பு எழுதுங்கள். 'தொகை குறைவு' என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

5. முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டதாக அச்சடித்த ரசீதில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

6. சர்வேயர் அறிக்கையே இறுதி அல்ல என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, சொந்தப் பெயரில் பாலிசி எடுத்தவர் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் இந்தக் கதவு அடைபடும். எனவே குறைதீர்ப்பாளரிடம் முதலில் போங்கள்.